யோனாசுக்கு என்னை மறக்கடித்தேன்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை தொங்குகிறது. பலகைதான் மாறியது, காலைச் சத்தம் மாறவில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் அழுகை கேட்கும். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகிறது. இன்னமும் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக முந்தானையை இழுத்துச் செருகும்.

போன மாதம் அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். புதிதாக ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார்கள். தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஒளிந்து போகவே கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம்.

"சொல்லிட்டுப் போனா புள்ள உசுர விட்டுக் கத்துதுங்க அக்கா. பெரட்டுல பேரு குடுக்க நேரமாச்சுன்னு தாய்க்காரி ஒரு பக்கம் தவிக்கிறா. நீங்கல்லாம் பராக்கு காட்டித்தானே அனுப்புனீங்க? அதுல என்னா கெட்டுப்போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

வாயால் பதில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அவர்கள் மேல் இல்லை, என் மேல். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். ஓ.எல். வரை படித்தவள்தானே. எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேசுவதே சுலபம் என்று.

பராக்கு காட்டுவதில் நான் பேர் வாங்கியவள். பெரிய ஆயாவிடம் எடுபிடியாகச் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்டேன். பிள்ளையை வாங்கியதும் பின்பக்கத்து ஜன்னலுக்குப் போக வேண்டும். தொழிற்சாலைக்குப் போகும் லொறியோ, கோழியோ, ஒன்றும் இல்லாவிட்டால் புகையோ, எதையாவது காட்ட வேண்டும். "அந்தா பாரு, அந்தா பாரு" என்று சொல்லும்போது குரலில் உண்மையான ஆச்சரியம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் தாய்க்காரி குனிந்தபடியே முன்வாசலால் போய்விடுவாள். பத்து வருஷத்தில் என் கையிலிருந்த ஒரு பிள்ளைகூடத் தாய் போவதைப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கும்போது தாய் இருக்க மாட்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அழும், பிறகு பழகிவிடும். பழகியதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் சுமதி பிறந்தாள். அவளுக்குப் பதினோரு மாதமானபோது வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு மலைக்கு வேலைக்குப் போக முடியாமல் ஆனது. அந்த நேரம் பார்த்து ஹட்டன் பக்கத்தில் மிஷன் பங்களாவுக்கு ஒரு பிள்ளை பார்க்கும் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். குளிர் மலையில் வேப்பமரம் ஏது? ஹட்டன் கடையில் ஒரு சின்னப் போத்தல் வேப்பெண்ணெய் வாங்கி மாரில் தடவிக்கொண்டேன். சுமதி ஆசையாக வாயை வைத்தாள். வைத்ததும் முகத்தைச் சுளித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தரம் வைத்தாள். மூன்றாவது தரம் என்னைக் கையால் தள்ளிவிட்டு என் நாத்தனாரிடம் தாவினாள். ஒரே நாள் வேலை. ‘கெட்டிக்காரி, ஒரு நாளில் மறக்கடித்துவிட்டாள்’ என்று லயமே சொன்னது. அடுத்த திங்கட்கிழமை நான் பங்களாவுக்குப் போய்விட்டேன்.

பங்களாவில் இருந்தது டென்மார்க்கிலிருந்து வந்த குடும்பம். பாஸ்டர் ஐயா தோட்டத்துப் பொடியன்களுக்குத் தச்சு வேலையும் பைபிளும் சொல்லிக் கொடுத்தார். அவருடைய மனைவி இங்கர் அம்மா. நான் போகும்போது மூத்தவள் லீசா கைக்குழந்தை. நாலு வருஷம் கழித்து யோனாஸ் பிறந்தான். மாரியாயி என்ற என் பெயர் அவர்கள் வாயில் மாரி ஆனது. ‘என்னா, மேரி ஆயிட்டியா? ஞானஸ்நானம் எப்ப?’ என்று ஊரில் கேலி பண்ணினார்கள். ஞானஸ்நானமும் இல்லை, ஒன்றுமில்லை. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டால் பாஸ்டர் ஐயாவே வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

இங்கர் அம்மா தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர். மேடையில் பேசுகிற மாதிரித்தான் அடுப்படியிலும் பேசுவார். "மாரி, வெந்நீர் கொதித்துவிட்டதா?" என்பார். எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு. தண்ணீர் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு இருந்தது, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை வெளியே போனது, எல்லாம் என் கையால் அதில் எழுத வேண்டும். நான் ஏதாவது பிழை விட்டால் சத்தம் போட மாட்டார். பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் வரை காத்திருப்பார். பிறகு அவரே இரண்டு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அடுப்படி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்று ஒரு காரியம் நடந்தது. அதைப் பற்றிப் பேசலாமா?" என்பார். பேசாமல் ரெண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

யோனாசுக்கு மூன்று வயதில் நெற்றி வெடித்துவிட்டது. படியில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் தையல் போட ஊசி எடுத்தபோது நான் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்காது சாமி, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்றேன். நாம் எல்லோரும் சொல்வதுதானே. ஊசி இறங்கியதும் அவன் ஊசி போட்ட டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அன்றைக்கு மத்தியானம் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் வந்தது.

"நாம் வலிக்காது என்று சொல்லக் கூடாது, மாரி. வலிக்கும் என்று முன்பே சொல்ல வேண்டும். அவன் அழட்டும். நாம் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொய் சொன்னால் அவனுக்கு இரண்டு வலி."

நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள், பிள்ளையைக் காபரா படுத்தி முன்கூட்டியே பயங்காட்டுவதற்கும் ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

யோனாசுக்கு முதலில் வந்த பேச்சு எங்கள் லயத்துத் தமிழ். மாரியாயி என்று சொல்ல வராமல் மாயி என்பான். தாயிடம் அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசுவதற்குள் என்னிடம் பத்து வார்த்தை பேசிவிடுவான். வேனில் ஏறினால் வளைவுகளில் வாந்தி வரும், அதற்கு என் மடிதான் வேண்டும். என் முந்தானையைக் கைமுட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால்தான் கண்ணை மூடுவான். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனால் சுமதி என்னைப் ‘பங்களா அம்மா’ என்று கூப்பிடுவாள். அம்மா என்பது என் நாத்தனார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறார்கள். தானே வளர்ந்தது உண்மைதான். என்னிடம் வளரவில்லை. நான் கொண்டுபோகும் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, ‘நாளைக்குப் போயிருவீங்கதானே?’ என்று மரியாதையாகக் கேட்கும் பிள்ளை அவள். அதைக் கேட்டு நான் பஸ்ஸில் அழுதபடி போன திங்கட்கிழமைகள் உண்டு. பங்களா வாசலில் யோனாஸ் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அழுகை நின்றுவிடும். பொய் சொல்லி என்ன, அவன்தான் எனக்கு மருந்தாக இருந்தான்.

யோனாசுக்கு ஐந்து வயதானபோது மிஷன் அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டது. இங்கே வேலையை உள்ளூர் ஆட்களிடம் ஒப்படைத்தாயிற்று, லீசாவையும் இனி அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். இங்கர் அம்மா வழக்கம் போல ஒரு தாள் போட்டார். அறுபது கட்டம். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்துக்குப் பிள்ளைகள் வர்ணம் தீட்ட வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஒரு ஆகாயக் கப்பல். போவதற்குள் பழகிய ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் நான்கு காரியம் சொல்ல வேண்டும் என்றார். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், பிரியம் என்று சொல்ல வேண்டும், கடைசியாகப் போய்வருகிறோம் என்று விடைபெற வேண்டும். பால்காரரிடம் சொன்னார்கள், தச்சுப் பட்டறைப் பொடியன்களிடம் சொன்னார்கள். என்னைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்.

யோனாஸ் வர்ணம் தீட்டினானே தவிர நம்பவில்லை. மாயி வரமாட்டாள் என்று தாய் எத்தனையோ தரம் சொல்லியும் அவனுக்கு ஏறவில்லை. ஒரு நாள் என் செருப்பைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். அவனுடைய சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே இருந்தது. "அங்க பனி கொட்டுமாம், மாயிக்கு கால் கூசும்" என்றான். இங்கர் அம்மா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து மறுபடியும் உண்மையைச் சொன்னார். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. செருப்பு திரும்பவும் காணாமல் போனது.

போவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து மூன்று நாள் சுற்றிப் பார்க்கப் போவோம் என்றார் பாஸ்டர் ஐயா. இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தும் வேலை வேலை என்று எதையும் பார்க்கவில்லையாம். வேன் ஓட்டியது ஹட்டன் நிஸாம் நானா. சண்டைக் காலம், வழியில் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. நான் முப்பது மைல் தள்ளியிருந்த நுவரெலியாவை அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சரியாகப் பார்த்தேன்.

முதல் நாள் ஏரியில் படகு, ஹக்கலையில் பூந்தோட்டம். படகில் யோனாஸ் என் மடியில். தோட்டத்தில் என் இடுப்பில். தாய் கையை நீட்டினால் என் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொள்வான். இரண்டாம் நாள் விடியும் முன்னே ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். உலக முடிவு என்று சொல்லும் அந்த விளிம்பு வரைக்கும் நடை. பாதி வழி அவனை நான்தான் சுமந்தேன். போய்ச் சேர்ந்தால் ஒன்றுமே தெரியவில்லை, பனிமூட்டம். சரி, நின்று ஒரு படமாவது எடுப்போம் என்று பாஸ்டர் ஐயா குடும்பத்தை நிறுத்தினார். யோனாஸ் தாயிடம் போக மாட்டேன் என்றான்.

"மாயி இல்லாம எடுக்காதீங்க" என்று கத்தினான். கடைசியில் நானும் நின்றேன்.

திரும்பி நடக்கும்போது மற்றவர்கள் முன்னால் போக, இங்கர் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்தார். 

"எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மாரி. உங்கள் மேல் பொறாமை. அதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை" என்றார்.

"அப்புடி சொல்லாதீங்கம்மா. பெத்தவங்க நீங்கதானே" என்றேன்.

"நான் பெற்றேன். அவன் அழும்போது உங்களைக் கூப்பிடுகிறான். விமானத்தில் அவன் அழும்போது நான் மட்டும்தான் இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். என் பிள்ளை என்னைப் பங்களா அம்மா என்று கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தை இன்னொரு பெண்ணுக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அந்தப் பாதையில்தான் உறைத்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன். அந்த அம்மாவின் தாளும் கட்டமும் இந்தப் பிள்ளையிடம் பலிக்காது. நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் கசந்தால் போதும், அந்தப் பக்கம் தாவிவிடுவான், அழாமல் ஆகாயக் கப்பல் ஏறுவான். பெற்ற பிள்ளைக்கே செய்தவள்தானே நான்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் நிஸாம் நானா வேனை ஓரங்கட்டினார். பாஸ்டர் ஐயாவும் இங்கர் அம்மாவும் லீசாவைக் கூட்டிக்கொண்டு நன்றாகத் தெரியும் மேட்டுக்குப் போனார்கள். நானும் யோனாசும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றோம். முந்தானையை முட்டியில் சுற்றியிருந்தான்.

"மாயி வரலன்னா நானும் போகல" என்றான். "நான் லயத்துல இருக்கேன், சுமதி அக்காவோட. நான் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்."

நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி மறுபடியும் சுற்றினான். அந்தக் கையின் மேல் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஐந்து வருஷத்தில் முதல் அடி.

"என்னைய தொடாத. நீ ஒண்ணும் என் புள்ள இல்ல. சம்பளம் குடுத்தாங்க, பாத்துக்கிட்டேன். உன்னைய கண்டாலே எனக்குப் புடிக்கல. இனிமே மாயின்னு கூப்பிட்ட, பாரு" என்றேன்.

குரலில் உண்மை இருக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கப்பட்ட வித்தை. இருந்தது. அவன் அழவில்லை. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு ரோட்டோரமாக நடந்து தாயிடம் போனான். வேனில் தாயின் மடியில் ஏறி உட்கார்ந்தான். ஹட்டனுக்கு முன்னால் ஒரு வளைவில் அவருடைய வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தான். இங்கர் அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை, அவனை அணைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான் அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கெட்டிக்காரி.

மறுநாள் காலை விடைபெறும் நேரம். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் இங்கர் அம்மா. லீசா வந்து நான்கும் சொன்னாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். யோனாஸ் எனக்குக் கொடுக்க ஒரு படம் வரைந்து வைத்திருந்தான். கூப்பிட்டால் வரவில்லை. தகப்பனின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அந்தப் படத்தைச் சட்டைக்குள் போட்டு மறைத்தான். இங்கர் அம்மா அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"என்ன நடந்தது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அருவியில் சொன்னதையும் அடித்ததையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும், எங்கள் வழக்கம் இது என்பதையும் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேன் வருவதற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. போய் அவனிடம் அது பொய் என்று சொல்லுங்கள்."

"சொன்னா புள்ள ஏறாதுங்கம்மா."

"ஏறமாட்டான். கதறுவான். நான் தூக்கிக்கொண்டு போவேன். அவன் உங்களுக்காக அழுதுகொண்டு போகட்டும், மாரி. அது அவனுடைய அழுகை. அதை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்."

"நீங்களே சொல்லுங்கம்மா, மாயி சும்மா சொன்னான்னு."

"நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். நீங்கள் அல்லவா சொன்னீர்கள்?"

ஒன்பது வருஷத்தில் அவர் சொன்ன எதையும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கூடத்துக்குப் போய் அவனைத் தொட்டால் என்னால் விட முடியாது, அது எனக்குத் தெரியும். பிள்ளைக்காகத்தான் மறுத்தேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது சொல்கிறேன், எனக்காகத்தான். அவன் கதறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் நின்றார், நான் கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினேன். வேன் வந்தது. யோனாஸ் தானாக ஏறி, ஜன்னல் பக்கம் உட்காராமல் நடுவில் உட்கார்ந்தான். இங்கர் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, நான்கையும் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர்தான் சொன்னார், நான் இல்லை.

அடுத்த நாள் நிஸாம் நானா வந்து, "பொடியன் கட்டுநாயக்கா ஏர்போட் வரைக்கும் ஒரு சத்தம் போடல்ல. உம்மாட மடியில அப்படியே கிடந்தான்" என்றார். கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் பழைய பிள்ளைக் காம்பராவுக்கே திரும்பிவிட்டேன்.

இங்கர் அம்மா கிறிஸ்து பிறந்தநாளான நத்தாருக்குக் கடிதம் போடுவார். முதல் கடிதத்தில், விமானம் ஏறியதிலிருந்து யோனாஸ் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசவில்லை என்று எழுதியிருந்தார். அடுத்ததில், தமிழில் கேட்டாலும் விளங்காதவன் போல இருக்கிறான் என்று. நான் பதிலில் மழையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் எழுதினேன். உண்மையை ஒரு கடிதத்தில் அவனுக்கே எழுதியிருக்கலாம். பிள்ளை மறந்துவிட்டது, இனிக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

பதில் கேட்ட பெண்பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் சொன்னதுதான் சரி. கத்தட்டும். தாய்க்காரியை இரண்டு நிமிடம் நின்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கங்காணி சத்தம் போட்டால் போடட்டும். மிச்சத்தை விருப்பம் இருந்தால் வாசியுங்கள்.

போன வருஷம், நான் ஓய்வு பெற்று இரண்டு மூன்று மாதம் இருக்கும். லயத்து வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து நின்றான். அவ்வளவு உயரம், குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. நெற்றியில் தையல் தழும்பைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. சுமதி அன்றைக்கு வீட்டில் இருந்தாள். இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள், கல்யாணமாகிப் பக்கத்து டிவிஷனில் இருக்கிறாள், சனிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள்தான் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தாள். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேசினான். பங்களாவில் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு அந்த ஆங்கிலம் விளங்காதா?

தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டைப் பற்றித் தனக்கு அநேகமாக எதுவும் ஞாபகம் இல்லை என்றான். ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கிறது. ஒரு அருவி, என் கோபமான முகம்.

"நான் அன்றைக்கு என்ன தப்புச் செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. ஏதோ பெரிய தப்பாகத்தான் இருந்திருக்கும். அம்மா அப்படி இல்லை என்று சொல்வார், என் மனம் கேட்கவில்லை. அது என்னவாக இருந்தாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வந்தேன்" என்றான்.

பதினாறு வருஷம். ஒரு பிள்ளை பதினாறு வருஷமாகச் செய்யாத தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் இங்கே நிம்மதியாக ஊரார் பிள்ளைகளுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில்தான் சொன்னேன்.

"நீ ஒரு தப்பும் செய்யல சாமி. நான்தான் பொய் சொன்னேன். நீ என் புள்ளதான். அன்னிக்கும் என் புள்ள, இன்னிக்கும் என் புள்ள."

அவனுக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்பது போல் சுமதியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அன்றைக்கு அம்மா சொன்னது பொய், அவ்வளவுதான் சொல்கிறார்கள் என்றாள்.

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் விட்டுவிட்ட ‘என் புள்ள’ என்பதைச் சொல்ல ஒரு சின்ன வாக்கியம் போதும், அந்த ஆங்கிலம் எனக்கே தெரியும். சுமதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லவில்லை.